எங்கள் வீட்டுக் குழு: லங்காவி படகு

சனிக்கிழமை

காலை 9:40 – செல்வம்: எல்லோரும் பசியாறியாச்சா? நானும் கமலாவும் லங்காவி வந்து சேர்ந்துவிட்டோம். குவாவில் இருக்கிறோம். பத்து மணிக்குப் படகு பார்க்கப் போகிறோம்.

காலை 9:42 – தேவி அக்கா: தம்பி, உண்மையாகவே வாங்கப் போகிறாயா? நான் சும்மா பேச்சு என்றல்லவா நினைத்தேன்.

காலை 9:43 – கமலா: நானும் அப்படித்தான் நினைத்தேன் அண்ணி.

காலை 9:47 – செல்வம்: விவரம் சொல்கிறேன். 38 அடி கேட்டமரான், அதாவது இரண்டு உடல் உள்ள பாய்மரப் படகு. பிரான்ஸில் கட்டியது, 2006. முதல் ஐந்து வருடம் கரீபியனில் வாடகைக்கு ஓடியது. அப்புறம் ஓர் ஆஸ்திரேலியக்காரர் வாங்கி, பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக்கைக் கடந்து இங்கே கொண்டு வந்திருக்கிறார். 165,000 அமெரிக்க டாலர் கேட்கிறார்.

காலை 9:50 – கவின்: அப்பா, கரீபியன் என்றால் இர்மா புயலில் சிக்கியதா என்று கேளுங்கள். 2017 செப்டம்பரில் அங்கே டோர்டோலா தீவில் கேட்டமரான்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்த படங்களைப் பார்த்திருக்கிறேன். அதில் சிலவற்றைப் பழுது பார்த்து விற்றிருக்கிறார்கள்.

காலை 9:52 – செல்வம்: கேட்டுவிட்டேன். 2014-லேயே பசிபிக் பக்கம் வந்துவிட்டது. துறைமுகக் காகிதம் எல்லாம் வைத்திருக்கிறார்.

காலை 9:58 – முருகையா சித்தப்பா: வாடகைக்கு ஓடியது என்று ஒதுக்க வேண்டாம். படகைக் கட்டி நிறுத்தும் இடத்தில் இடித்த காயம் இருக்கும், எஞ்சின் மணிக்கணக்கு ஏறியிருக்கும். ஆனால் எண்ணெய் நேரத்துக்கு மாற்றியிருப்பார்கள். படகில் கால் வைத்ததும் முதல் வேலை, இரண்டு எஞ்சின் மூடியையும் திறந்து கையை வைத்துப் பார். விற்கிறவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்காதே.

காலை 10:21 – செல்வம்: சித்தப்பா, இடது எஞ்சின் சில்லென்று இருக்கிறது. வலது எஞ்சினில் இளஞ்சூடு.

காலை 10:23 – முருகையா சித்தப்பா: அப்படியானால் வலதுதான் கிளம்ப அடம்பிடிக்கும் எஞ்சின். நீ வருவதற்கு முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றும் சொல்லாதே. மற்றதைப் பார்த்து முடி. சாயந்திரம் நன்றாக ஆறியபின் கிளப்பச் சொல்.

காலை 10:30 – கமலா: 📷 புகைப்படம்
காலை 10:30 – கமலா: 📷 புகைப்படம்
காலை 10:31 – கமலா: மாமா, உள்ளே நம் வீட்டு ஹாலை விட நன்றாக இருக்கிறது லா. வாஷிங் மெஷின் கூட இருக்கிறது!!

காலை 10:32 – தேவி அக்கா: மெத்தை புதுசு மாதிரி இருக்கிறதே.

காலை 10:36 – முருகையா சித்தப்பா: மெத்தையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள். கமலா, பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய், படகு தண்ணீரைத் தொடும் இடத்தைப் படம் எடுத்துப் போடும்மா.

காலை 10:41 – கமலா: 📷 புகைப்படம்

காலை 10:49 – முருகையா சித்தப்பா: நீல நிற அடிப்பெயின்ட், பழைய கோட்டுக்கு மேலே ஒரு சாண் ஏறியிருக்கிறது பார். படகு கனத்துக் கீழே இறங்கிவிட்டது. பாசி பிடிக்கிறதே என்று இவர் பெயின்ட்டை மேலே ஏற்றிக்கொண்டார். செல்வம், கனமான சாமான் என்னென்ன இருக்கிறது என்று எழுது.

காலை 11:02 – செல்வம்: ஜெனரேட்டர், கடல்நீரை நல்ல தண்ணீராக்கும் மெஷின், வாஷிங் மெஷின், முக்குளிக்கக் காற்று அடைக்கும் கம்ப்ரஸர், ஆறு சிலிண்டர், இரண்டு ஃப்ரீசர், உதிரி நங்கூரம் இரண்டு, பெட்டி பெட்டியாக ஸ்பேர் பார்ட்ஸ்.

காலை 11:15 – முருகையா சித்தப்பா: ஒற்றை உடல் படகு அடியில் ஈயத்தைக் கட்டிக்கொண்டு போவது. அதில் இன்னும் கொஞ்சம் ஏற்றினால் முனகிக்கொண்டே போகும். இது அப்படியில்லை. இதன் ஓட்டமே கனம் இல்லாமல் இருப்பதில்தான். இந்த அளவுப் படகில் ஆள், தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் சேர்த்து இரண்டு டன் சொச்சம்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் இரண்டு உடலுக்கும் நடுவில் இருக்கும் தளம் தண்ணீரை நெருங்கிவிடும். அலை அதன் அடியில் வந்து மோதும். உள்ளே இருப்பவனுக்கு லாரி இடித்தது போல் கேட்கும். மேசையில் இருக்கும் தட்டு எகிறும்.

நீ ஜனவரியில் இலங்கைக்குப் போவதாகச் சொல்கிறாய். இங்கிருந்து திருகோணமலை சுமார் 1,100 கடல் மைல். மணிக்கு 6 கடல் மைல் வேகம் என்றாலும் எட்டு நாள். வடகிழக்குப் பருவக்காற்று பக்கவாட்டில் அடிக்கும், அலையும் பக்கத்தில்தான் வரும். இந்தக் கனத்தோடு போனால் எட்டு நாளும் கமலாவுக்குத் தூக்கம் இருக்காது.

காலை 11:17 – கமலா: வாஷிங் மெஷின் வேண்டாம் மாமா.

காலை 11:18 – முருகையா சித்தப்பா: அது இருக்கட்டும். கம்ப்ரஸரையும் சிலிண்டரையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

காலை 11:30 – கமலா: மாமா, உடம்புப் பகுதியில், தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு இருக்கிறதே, அது எதற்கு?

காலை 11:33 – முருகையா சித்தப்பா: படகு கவிழ்ந்தால் வெளியே வருவதற்கு.

காலை 11:33 – கமலா: ???

காலை 11:34 – தேவி அக்கா: கமலா, நீ ஈப்போவுக்கு வந்துவிடு.

காலை 11:40 – முருகையா சித்தப்பா: பயப்பட வேண்டாம். இது கவிழ்ந்தால் தானாக நிமிராது, அது உண்மை. ஆனால் கவிழ்க்க நிறையக் காற்றும் நிறைய முட்டாள்தனமும் வேண்டும். ஒற்றை உடல் படகு சாய்ந்து எச்சரிக்கும், இது சாயாது. அதனால் காற்றுமானியில் எண்ணைப் பார்த்துப் பாயைச் சுருக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். செல்வம், அந்தக் கதவின் ரப்பரையும் கண்ணாடி ஒட்டிய இடத்தையும் பார். அதில் கசிவு இருந்தால் விட்டுவிடக் கூடாது.

மதியம் 12:10 – செல்வம்: கசிவு தெரியவில்லை. இப்போது நீங்கள் போன வாரம் சொன்னதைச் செய்யப் போகிறேன், ஸ்க்ரூடிரைவர் பிடியால் மேல்தளத்தை, அதான் டெக்கை, தட்டுவது.

மதியம் 12:38 – செல்வம்: பெரும்பாலும் டக் டக் என்று கெட்டியான சத்தம். வலது முன்பக்கம் கைப்பிடிக் கம்பி நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் தொப் தொப்.

மதியம் 12:45 – முருகையா சித்தப்பா: டெக் என்பது ஃபைபர் இரண்டு படலம், நடுவில் பால்சா என்ற லேசான மரம். திருகு போட்ட துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் மரம் நைந்துவிடும். ஒரு முழ அகலம் என்றால் வெட்டித் திருத்திவிடலாம். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று, படகைப் பரிசோதிக்கும் சர்வேயர் ஈரம் காட்டும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். படத்தில் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு அனுப்பு.

மதியம் 12:47 – கவின்: விற்கிறவருடைய படகில் சாக்பீஸா தாத்தா 😀

மதியம் 12:48 – முருகையா சித்தப்பா: துடைத்தால் போய்விடும்.

மதியம் 12:55 – முருகையா சித்தப்பா: சாப்பிடப் போகுமுன் இன்னொன்று. பாய்மரம் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே ஒரு குறுக்குத் தடுப்பு இருக்கும். மரத்தின் பாரம் முழுவதும் அதில்தான் இறங்குகிறது. இரண்டு உடலும் ஆளுக்கொரு பக்கம் முறுக்குவதும் அங்கேதான் தெரியும். அலமாரியைக் காலி செய்து டார்ச் அடித்துப் பார். ஃபைபர் ஒட்டு விட்டிருக்கிறதா, சுற்றிலும் இல்லாத புதுப் பெயின்ட் அங்கே மட்டும் இருக்கிறதா. கமலா ஒவ்வொரு அறைக் கதவையும் மூடித் திறந்து பார்க்கட்டும்.

மதியம் 1:20 – கமலா: மாமா, இடது பக்க அறைக் கதவின் மேல் விளிம்பு சீவப்பட்டிருக்கிறது. மழையில் மரம் ஊதிவிட்டது என்கிறார்.

மதியம் 1:26 – முருகையா சித்தப்பா: ஊதியும் இருக்கலாம். சட்டம் அசைந்தும் இருக்கலாம். சர்வேயருக்கு எழுதி வை. ஒட்டு எப்படி?

மதியம் 1:29 – செல்வம்: கண்ணுக்கு நன்றாகவே இருக்கிறது. பழைய பெயின்ட்தான்.

மதியம் 1:30 – முருகையா சித்தப்பா: நல்ல சேதி. போய்ச் சாப்பிடுங்கள்.

மாலை 4:05 – செல்வம்: அவர் பெருமையாகச் சொன்னது ஒன்று. ரேடார், ஜிபிஎஸ் திரை, ஆட்டோபைலட், ரேடியோ, சார்ஜர் எல்லாமே 2022-இல் புதிதாகப் போட்டதாம். 20,000 டாலருக்கு மேல் செலவாம்.

மாலை 4:12 – முருகையா சித்தப்பா: எல்லாம் ஒரே வருடத்திலா? ஒருவர் ரேடாரை ஒரு வருடம் மாற்றுவார், சார்ஜரை இன்னொரு வருடம் மாற்றுவார். எல்லாவற்றையும் ஒரேயடியாக எவர் மாற்றுவார்? மின்னல் விழுந்ததா என்று நேராகக் கேள்.

மாலை 4:31 – செல்வம்: விழுந்திருக்கிறது சித்தப்பா. நங்கூரத்தில் நின்றபோது. இன்சூரன்ஸ் காகிதத்தைக் காட்டினார். கேட்டதும் மறைக்கவில்லை.

மாலை 4:44 – முருகையா சித்தப்பா: மலாக்கா நீரிணையில் இடி மின்னல் புதிதில்லை. அதற்காகப் படகைக் குறை சொல்லவில்லை. ஆனால் மின்னல் பாய்மரத்தின் உச்சியில் நுழைந்தால் கீழே எங்கேயாவது தண்ணீருக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். போகிற வழியில் ஊசித் துளை போட்டுவிட்டுப் போகும். தண்ணீர் எடுக்கும் வால்வுகளைச் சுற்றி, சுக்கான் தண்டைச் சுற்றி, செயில்டிரைவ் பக்கம் (எஞ்சினிலிருந்து படகின் அடி வழியாக இறங்கி ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் பகுதி). தண்ணீரில் மிதக்கும்போது இதையெல்லாம் யாராலும் பார்க்க முடியாது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்காமல் ஒரு காசு கொடுக்காதே.

மாலை 5:50 – செல்வம்: எஞ்சின் ஆறியதும் கிளப்பினார். இடது உடனே பிடித்தது. வலது மூன்றாம் தடவைதான். வெள்ளைப் புகை, அடங்க ரொம்ப நேரம் எடுத்தது.

மாலை 5:58 – முருகையா சித்தப்பா: நீலப் புகையாக இல்லாததே நல்லது. வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. இன்ஜெக்டர் என்றால் சின்னச் செலவு, கம்ப்ரஷன் போயிருந்தால் பெரிய செலவு. செயில்டிரைவ் ரப்பர் எப்போது மாற்றினார்?

மாலை 6:03 – செல்வம்: அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.

மாலை 6:10 – முருகையா சித்தப்பா: படகின் அடியில் பெரிய ஓட்டை, அதை மூடி நிற்பது ஒரு ரப்பர் வளையம். ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது எஞ்சின் கம்பெனி வால்வோ பென்டா. இந்தப் படகில் அது இரண்டு. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை எப்போது மாற்றினார்?

மாலை 6:11 – செல்வம்: 2012 ரசீது இருக்கிறது.

மாலை 6:13 – முருகையா சித்தப்பா: அப்போ அதுவும் உன் தலையில்தான். பத்து வருடம் தாண்டிய கம்பியோடு கடல் கடக்க இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

இரவு 8:30 – தேவி அக்கா: அப்போ வேண்டாம் என்றுதானே அர்த்தம் சித்தப்பா?

இரவு 8:52 – முருகையா சித்தப்பா: இல்லம்மா. பாய்மரத்துக்குக் கீழே இருக்கும் குறுக்குத் தடுப்பு நன்றாக இருக்கிறது, மனிதர் கேட்டால் உண்மை சொல்கிறார். இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். படகு தப்பில்லை, விலைதான் தப்பு. புது எலக்ட்ரானிக்ஸ் இன்சூரன்ஸ் பணத்தில் வந்தது, அதற்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்? கம்பி, ரப்பர், டெக் திருத்தம், வலது எஞ்சின், எல்லாம் சேர்த்து 25,000 டாலர் என்று என் மனக்கணக்கு. செல்வம், 138,000 என்று எழுதிக் கொடு. பத்து சதவீதம் முன்பணம் புரோக்கர் கணக்கில். சர்வே, கடலில் ஓட்டிப் பார்ப்பது, தூக்கிப் பார்ப்பது, மூன்றும் திருப்தியானால்தான் வாங்குவோம் என்று அதிலேயே எழுது. தூக்கும் செலவும் சர்வே செலவும் நம்முடையது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரவு 8:57 – கவின்: சர்வேயரை புரோக்கரிடம் கேட்காதீர்கள் அப்பா. நான் வேறு ஆள் தேடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 11:15 – செல்வம்: 150,000 என்கிறார். ஆனால் தூக்க வேண்டாம், போன வருடம் படகு பழுது பார்க்கும் யார்டில் எடுத்த படங்கள் தருகிறேன் என்கிறார்.

காலை 11:19 – முருகையா சித்தப்பா: மத்தியானப் படகுக்கு டிக்கெட் எடுத்துத் திரும்பி வா.

காலை 11:20 – கமலா: எடுத்துவிட்டேன் மாமா 😀

மாலை 3:48 – செல்வம்: குவாலா கெடாவில் இறங்கும்போது புரோக்கர் கூப்பிட்டார். 144,000, தூக்க சம்மதம், கம்ப்ரஸர் அவருக்கு.

மாலை 3:55 – முருகையா சித்தப்பா: சரி என்று சொல். ஆறரை மீட்டர் அகலம், சில யார்டுத் தூக்கியில்தான் நுழையும். தாய்லாந்து சத்துனில் கேட்டமரானை வண்டியில் ஏற்றிக் கரைக்கு இழுக்கிறார்கள். கடல் நீர் நன்றாக ஏறும் நாளைப் பார்த்து இடம் கேள். போகிற வழியே கடலில் ஓட்டிப் பார்ப்பதும் முடிந்துவிடும். நானும் வருகிறேன்.

மாலை 3:57 – தேவி அக்கா: சித்தப்பா, முட்டி வலி?

மாலை 3:58 – முருகையா சித்தப்பா: உட்கார்ந்துகொண்டுதானே வருவேன்.

மாலை 4:06 – கமலா: சத்துன் என்றால் பாஸ்போர்ட் வேண்டுமே. இவருடையது அடுத்த மாதம் முடிகிறது. நாளைக்கே இமிகிரேஷனுக்குப் போகச் சொல்கிறேன்.