புதுப்பிப்பு: இணைய முகவரியை மாற்றிய பின் கூகுள் தேடலில் எங்கள் தளத்தின் நிலை

புதுச்சேரியில் நாங்கள் நடத்தும் விருந்தினர் இல்லத்தின் இணைய முகவரியை மாற்றினால், கூகுள் தேடலில் கிடைத்திருந்த இடம் பறிபோகுமா என்று இங்கே கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு நிகரான புதிய பக்கத்துக்கே 301 என்னும் நிரந்தரத் திசைமாற்றத்தால் அனுப்ப வேண்டும், எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது என்ற யோசனையே பலனளித்தது. அப்படிக் கொட்டினால் அவற்றை இல்லாத பக்கங்களாகவே கூகுள் கருதக்கூடும். அடுத்து, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்னும் கருவியில் இரு முகவரிகளையும் ஒரே கணக்கில் உறுதிசெய்து, முகவரி மாற்றத்தைத் தெரிவித்து, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் புதிய தளவரைபடத்தையும் சமர்ப்பித்தோம். சில வாரங்கள் இடம் ஏறி இறங்கியது. பிறகு, ஒயிட் டவுன் அருகே தங்குமிடம் தேடுவோருக்கு ஏறக்குறைய முன்பிருந்த வரிசையிலேயே தென்படுகிறோம்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. ஒரு பக்கத்தின் முதன்மை முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்வது கேனானிக்கல் குறிச்சொல். தளத்தின் வார்ப்புரு தானாக எழுதும் அந்தக் குறிச்சொல் பழைய முகவரியையே சுட்டிக்கொண்டிருந்ததால், திசைமாற்றம் ஒன்றைச் சொல்ல, பக்கம் வேறொன்றைச் சொல்லியது. அதைத் திருத்திய பின்னரே பல பக்கங்கள் கூகுளில் புதிய முகவரியில் பட்டியலிடப்பட்டன. படத் தேடலில் மாற்றம் இன்னும் மெதுவாகவே நடக்கிறது.

திசைமாற்றத்தைக் குறைந்தது 1 ஆண்டாவது வைத்திருக்கக் கூகுள் அறிவுறுத்துவதால், பழைய இணைய முகவரியின் பதிவையும் கைவிடாமல் புதுப்பித்திருக்கிறோம்; செலவு சிறிதுதான், வேறொருவர் வாங்கிவிட்டால் மீட்பது கடினம்.