புதுப்பிப்பு: ஆளுக்காள் நேரடியா கடன் குடுக்கிறது, காசு வந்திட்டுது

கிளிநொச்சியிலை இரணைமடுக் குளத்துக்குக் கீழை வயல் செய்யிற ஆக்களுக்கு நேரடியா வட்டிக்குக் காசு குடுக்கலாமோ எண்டு முந்திக் கேட்டனான், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஒராளிட்டையே முழுக்காசையும் குடுக்காதேங்கோ, கிரிப் (CRIB) றிப்போட்டை, அதாவது ஒராள் எடுத்த கடனுகளையும் கட்டின விதத்தையும் காட்டுற அறிக்கையை, கடன் கேக்கிற ஆக்களையே எடுத்துத் தரச் சொல்லுங்கோ எண்ட யோசினைதான் வேலை செய்தது, தரமாட்டன் எண்டவருக்கு நான் குடுக்கேல்லை. மாசத் தவணை வேண்டாம், காலபோக (மாரிகால) நெல்லு வெட்டு முடியக் கட்டட்டும் எண்டு சொன்ன அக்கா, அது சரியான கதை.

எதிர்பாராதது மழைதான், வெட்டின நெல்லு ஈரம், றோட்டுக்கரையிலை படங்கு விரிச்சுக் காயவைச்சு வித்து முடிக்கப் பிந்தி, நான் குடுத்த முதல் திரும்பி வந்து கன நாளைக்குப் பிறகுதான் வட்டி வந்தது. பிறகு தேடி வாற ஆக்களுக்கு: பாங்கிலை போட்டா 11 லட்சம் வரைக்கும் வைப்புக் காப்புறுதி இருக்கு, இதுக்கு அது கிடையாது.