ரிங்க் கமிட்டிக்குச் செயலாளர் வேண்டுமாம்

(குழு: பெரிய வீடு)

தம்பி: எங்கள் ஊர் ஐஸ் ரிங்க் கமிட்டிக்கு என்னைச் செயலாளராக வரச் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா: பதவியா? சந்தோஷம்ப்பா. சம்பளம் உண்டா?

தம்பி: ஒரு காசு கிடையாதும்மா. அக்டோபரில் ஐஸ் போடுவதில் ஆரம்பித்து மார்ச் வரை வேலை மட்டும் உண்டு.

அக்கா: தானியக் கிடங்கில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து இது வேறயா? கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்து மூலையில் முந்நூறு பேர்கூட இல்லாத ஊர். உனக்கு ஓட்டுகூடக் கிடையாது. உன் தலையில் ஏன் கட்டுகிறார்கள்?

தம்பி: வேறு ஆள் இல்லை, அதனால்தான். தீயணைப்பு, நூலகம், கல்லறைத் தோட்டத்துப் புல் வெட்டுவது, இலையுதிர்கால விருந்து என்று எதை எடுத்தாலும் அதே பத்துப் பதினைந்து முகங்கள்தான், அதிலும் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். 2024 நவம்பரில் கவுன்சில் தேர்தல் வந்ததே, எங்கள் ஊரில் ஓட்டுப்பதிவே நடக்கவில்லை. எத்தனை இடமோ அத்தனை பேர்தான் மனு கொடுத்தார்கள். கவுன்சிலில் நிற்கக் குடியுரிமை வேண்டும், ரிங்க் கமிட்டியில் அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

அம்மா: ரிங்க் என்றால் சர்க்கஸா?

தம்பி: 😂 இல்லம்மா, ஐஸ் மேல் சறுக்கி ஹாக்கி விளையாடுகிற கொட்டகை. ஒரு பக்கம் சிறுசுகளுக்கு ஹாக்கி, இன்னொரு பக்கம் பெரியவர்களுக்குக் கர்லிங் (ஐஸ் மேல் கனமான கல்லைச் சறுக்கிவிடுகிற விளையாட்டு), நடுவில் உருளைக்கிழங்கு வறுவலும் காபியும் விற்கிற ஒரு சின்ன சமையலறை. ஜனவரியில் மைனஸ் முப்பதில் ஊரே அங்கேதான் இருக்கும். விதை விலை, யார் வீட்டில் என்ன விசேஷம், கவுன்சில் என்ன முடிவு எடுத்தது, எல்லாம் அந்தக் கவுன்டரில்தான் பேசுவார்கள். நானே அங்கே காபி ஊற்றப் போன பிறகுதான் என் தெருவில் இருப்பவர்கள் பெயரெல்லாம் தெரிந்தது.

அக்கா: சரி, ஆனால் அந்த ஊர் இன்னும் இருபது வருஷம் இருக்குமா? 1993-ல் மாகாண அரசு 52 கிராமப்புற மருத்துவமனைகளில் கை வைத்தது. 2017 மே 31-ஓடு அரசு பஸ்ஸும் நின்றுபோனது. எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக்கு வருகிற பாட்டிகள் பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுத்தால்தான் வர முடிகிறது, அவருக்கு அறுவடை நேரம் என்றால் தேதியை மாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். மேலே இருந்து ஒரு கையெழுத்தில் எடுத்துவிடுகிறவர்கள் முன்னால் உன் கமிட்டி என்ன செய்யும்?

அத்தான்: நீ சொல்வது பாதி சரி. மேலே இருந்து வந்ததெல்லாம் மேலேயே போய்விட்டது. ஊர்க்காரர்கள் கையில் வைத்திருந்தது அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. இதே மாகாணத்தில் ஷானவன் ஊர்ப் பக்கம் பெரிய ரயில் கம்பெனி கைவிட்ட பாதையை 2004-ல் அந்த வட்டாரத்து விவசாயிகளும் உள்ளாட்சிகளும் பணம் போட்டு வாங்கி, கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்று தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். கனடா முழுக்கப் பெருமை பேசுகிற இலவச மருத்துவமும் இப்படி வந்ததுதானே. இங்கேயே ஸ்விஃப்ட் கரன்ட் வட்டார மக்கள் வாக்கெடுப்பில் ஒத்துக்கொண்டு, தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டு 1946-ல் ஆரம்பித்தார்கள். மாகாணம் முழுக்க வர 1962 ஆனது.

அக்கா: வரலாறு வாத்தியார் வந்துவிட்டார் 🙄

அத்தான்: முடிக்கவில்லை இன்னும். பக்கத்து மாகாணம் மனிடோபாவில் நீபாவா ஊரைப் பார். 2016-ல் 4,609 பேர், 2021-ல் 5,685. பன்றி இறைச்சி ஆலை வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் குடும்பங்கள்தான் பெரிய காரணம்.

தம்பி: அங்கே ஆலை இருக்கிறது அத்தான், எங்கள் ஊரில் கிடங்கைத் தவிர என்ன இருக்கிறது? ஆனால் ரிங்க் மூடினால் என்ன ஆகும் என்று பக்கத்து ஊரைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் ஹாக்கிக்கு அறுபது கிலோமீட்டர் போகிறார்கள், போன இடத்திலேயே அம்மாக்கள் வாரச் சாமான் வாங்கிவிடுகிறார்கள், உள்ளூர் கோ-ஆப் கடை இளைக்கிறது, கடைசியில் பள்ளிக்கூடத்துக்கே பிள்ளைகள் போதாது. ஊரையே கலைத்துவிட்டால் சுற்றியிருக்கிற ரூரல் முனிசிபாலிட்டியோடு (கிராமப்புற உள்ளாட்சி) சேர்த்துவிடுவார்கள், பெயர்ப்பலகை மட்டும் நிற்கும்.

சித்தப்பா: மாட்டேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்களா?

தம்பி: கோபிக்க மாட்டார்கள் சித்தப்பா, அதுதான் கஷ்டம். "பரவாயில்லை" என்று சிரித்துவிட்டு இப்போது செயலாளராக இருக்கிற 78 வயது அம்மாவே இன்னொரு வருஷம் இழுப்பார். ஐஸ் பிளான்ட் கரன்ட் பில் எகிறிக் கிடக்கிறது, மானியத்துக்கு விண்ணப்பம் எழுத யாருமில்லை. அவர்களுக்கு வேண்டியது அதுதான், பத்தி பத்தியாக ஃபாரம் நிரப்புகிற ஆள்.

அக்கா: ஃபாரம் நிரப்புவதா? ஐந்து வருஷம் விசா ஃபாரமாக நிரப்பிய ஆளிடம் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். சரி, ஒத்துக்கொள். ஆனால் ஒரு வருஷம் என்று முதலிலேயே சொல்லிவிடு, துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றும் கேள். இல்லாவிட்டால் அந்த அம்மா மாதிரி நீயும் 78 வரை அங்கேயே.

அத்தான்: கணக்குப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, எக்செலில் போட்டுத் தருகிறேன்.

தம்பி: புத்தகம் எங்கே அத்தான், நாலு லிட்டர் ஐஸ்கிரீம் வாளி நிறைய ரசீதுதான். கொண்டுவந்து உங்கள் வீட்டு மேசையில் கொட்டுகிறேன்.

அத்தான்: அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அக்கா: ஞாயிற்றுக்கிழமை வா. வாளியை கராஜில் வை.