நினைவுக் கம்பியை வைத்து என்ன செய்து பார்த்தீர்கள்?

பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியை:
சூடு பட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும் கம்பியைத்தான் நினைவுக் கம்பி என்கிறோம்; அந்த உலோகத்தின் பெயர் நிட்டினால். அதைக் கன்னாபின்னாவென்று வளைத்து வெந்நீரில் போட்டால் சட்டென்று நிமிர்ந்துவிடும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதோடு பாடமும் முடிந்துபோகிறது, அதுதான் எனக்குக் குறை. அதனால் இப்போதெல்லாம் சுருள்வில்லாகக் கிடைக்கும் நிட்டினாலைத்தான் எடுக்கிறேன். கீழே சின்ன எடை ஒன்றைத் தொங்கவிட்டு, சுருள் முழுக்க நீரில் இருக்கும்படி வைத்து, குளிர்ந்த நீரிலிருந்து மெதுவாகச் சூடேற்றுவோம். பக்கத்தில் வெப்பமானியும் ஒரு ஸ்கேலும். ஒரு கட்டத்தில் சுருள் சுருங்கி எடை மேலே ஏறத் தொடங்கும். அப்புறம் அடுப்பை அணைத்து ஆறவிட வேண்டும், சுவாரசியமே அங்கேதான். ஏறிய அதே வெப்பநிலையில் எடை இறங்காது. பல டிகிரி குறைந்த பிறகுதான் இறங்கும். வரைபடத்தில் போகும் கோடும் வரும் கோடும் தனித்தனியாக விழும். காந்தத் தயக்கம் (இரும்பைக் காந்தமாக்கும்போதும் திரும்பும்போதும் இப்படித்தான் இரண்டு கோடு விழும்) படித்த பிள்ளைகள் தாங்களாகவே “மிஸ், இது அதே மாதிரி இருக்கே” என்பார்கள்.

காரணம் கேட்டால் இப்படிச் சொல்வேன்: நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சம எண்ணிக்கை அணுக்களாகச் சேர்ந்த உலோகம் இது. குளிரில் அணு அடுக்குகள் சாய்ந்து நிற்கும். எந்தப் பக்கமும் சாயலாம் என்பதால் எளிதாக வளைகிறது, ஆனால் யார் பக்கத்தில் யார் என்பது மாறுவதில்லை. சூடேறினால் கனசதுர அமைப்பு; அதில் நிற்க ஒரே வழிதான், அதனால் பழைய வடிவமே திரும்புகிறது. நீளத்தில் எட்டு சதவீதத்துக்கு மேல் இழுத்துவிட்டால் முழுதாக மீளாது.

பொறியியல் மாணவர்:
மேடம், நான் ரோபோ விரல் ஒன்றுக்காக இந்தக் கம்பியை மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கி இயக்கினேன். 0.15 மி.மீ. கம்பிக்கு 400 மில்லி ஆம்பியர் போதும், கிட்டத்தட்ட 300 கிராம் இழுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சுருங்குவது 4 சதவீதம்தான். 20 செ.மீ. கம்பிக்கு 8 மி.மீ.! நெம்புகோல் வைக்காமல் கண்ணுக்கே தெரியாது. சாதாரண சால்டரிங் இதில் பிடிக்காது, முனைகளை கிரிம்ப் செய்துதான், அதாவது சின்ன உலோகக் குழாய்க்குள் வைத்து நசுக்கித்தான், இணைக்க வேண்டும். பேட்டரியை நேரடியாகக் கொடுத்து விட்டுவைத்தால் சூடு எல்லை தாண்டி நினைவே போய்விடும். சுருங்குவது நொடியில் முடிகிறது, ஆறி நீள்வதற்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதை எப்படிக் குறைப்பது?

கைவினை ஆர்வலர்:
வளையல் செய்ய ‘மெமரி ஒயர்’ என்று விற்கிறார்களே, அது வெறும் விறைப்பான எஃகு. வெந்நீரில் போட்டால் ஒன்றும் நடக்காது. என் அண்ணன் மகன் அறிவியல் கண்காட்சிக்கு ஆன்லைனில் தேடியபோது அதுதான் வந்து சேர்ந்தது. வாங்குவதற்கு முன் நிட்டினால் என்று எழுதியிருக்கிறதா, எந்த வெப்பநிலையில் மாறும் என்று போட்டிருக்கிறதா, இரண்டையும் பாருங்கள்.

பல் மருத்துவர்:
பல் கிளிப்புக்குப் போடும் கம்பிகளில் வெப்பத்தால் மாறும் வகை ஒன்று உண்டு. 35 டிகிரியில் மாறுவதை வாங்கி ஐஸ் தண்ணீரில் முக்கினால் துவண்டுபோகும். விரல்களுக்கு நடுவே பிடித்தால் உடல் சூட்டிலேயே நிமிரத் தொடங்கும். அடுப்பு வேண்டாம் என்பதால் சின்ன வகுப்புகளுக்கு இதுவே நல்லது. ஆனால் அறை வெப்பத்திலேயே மாறி முடிந்திருக்கும் வகையும் அதே அலமாரியில்தான் இருக்கும். அது ஸ்பிரிங் மாதிரி துள்ளுமே தவிர வெந்நீருக்கு அசையாது.

கல்லூரி ஆய்வக உதவியாளர்:
நாமே புது வடிவம் சொல்லிக் கொடுக்கலாம். கம்பியை ஒரு போல்ட்டில் சுற்றி இரு முனையையும் நட்டால் இறுக்கி, மஃபில் ஃபர்னஸில் (ஆய்வகத்தில் இருக்கும் மூடிய சூளை) 500 டிகிரியில் பத்து நிமிடம் போல வைத்து, எடுத்ததும் தண்ணீரில் போட வேண்டும். இறுக்கம் தளர்ந்தால் கம்பி சூட்டில் பழையபடி நிமிரப் பார்க்கும். கேஸ் அடுப்பில் செய்தால் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் சூடே போதாது. இந்தக் குணம் பிடிபட்டதே நெருப்பில்தான் என்பது வேறு கதை. 1961 வாக்கில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகக் கூட்டம் ஒன்றில், வில்லியம் பூலரின் குழு செய்த தகட்டை மடித்துக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேவிட் மஸ்ஸி என்பவர் தன் புகைக்குழாய் லைட்டரை அதன் கீழே காட்ட, மடிப்பெல்லாம் விரிந்துவிட்டது.

பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியை:
தம்பி, ஆறுவதற்கு மெல்லிய கம்பியாகப் போடுங்கள். விசை போதவில்லை என்றால் தடித்த ஒன்றுக்குப் பதில் மெல்லியவை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டலாம். சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றும் வையுங்கள். எதிர்ப்பக்கம் ரப்பர் பேண்டோ ஸ்பிரிங்கோ இருக்கிறதா? அது இல்லாமல் ஆறினால் விரல் அப்படியே மடங்கித்தான் நிற்கும்.