ஐசியு: அப்பாச்சி ஸ்கோர் கூடினால் கை கால் பலவீனமும் கூடுமா?

செந்தூல்_பிசியோ (கோலாலம்பூர்)
வணக்கம். ஐசியுவில் வேலை செய்பவர்களிடம் ஒரு கேள்வி. கீட்டோன் ஏறி மயக்கமாக வந்த இனிப்புநீர் நோயாளிக்கு முதல் நாள் அப்பாச்சி 2 ஸ்கோர் (நோய் எவ்வளவு கடுமை என்று காட்டும் எண்) 28. நாலாம் நாள் தானே எழுந்து பாத்ரூம் போகிறார். ஸ்கோர் 15 மட்டுமே வந்த நிமோனியா நோயாளி, வென்டிலேட்டரில் இரண்டு வாரம் இருந்தபின் தலையணையை விட்டுத் தலையைத் தூக்க முடியாமல் கிடக்கிறார். எம்ஆர்சி கூட்டுத்தொகை (கை கால் தசை பலத்துக்கான ஸ்கோர், முழு பலம் என்றால் 60) 38. பிசியோ ஆள் குறைவு, எல்லாரையும் தினமும் பார்க்க முடியாது. யாரை முதலில் பார்ப்பது என்று முடிவெடுக்க எந்த ஸ்கோரை நம்பலாம்?

தீவிரசிகிச்சை_பினாங்கு
தம்பி, அப்பாச்சி எதையெல்லாம் கூட்டுகிறது என்று பாருங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. முதல் 24 மணி நேரத்தில் வந்த மிக மோசமான அளவுகள் 12, அதற்கு மேல் வயதுக்கு 6 வரை, நாள்பட்ட நோய்க்கு 5 வரை, உச்சம் 71. நினைவு இல்லாததற்கு மட்டுமே 12 புள்ளி வரை ஏறும். கிட்னி திடீரென்று பழுதானால் கிரியாட்டினின் புள்ளி இரட்டிப்பாகும். கீட்டோன் நோயாளிக்கு பிஎச் (இரத்தத்தின் அமிலத்தன்மை), பொட்டாசியம், கிரியாட்டினின், நினைவு நாலும் ஒரே நாளில் கெடும். ஸ்கோர் எகிறும். டிரிப்பும் இன்சுலினும் போனதும் எல்லாம் இறங்கிவிடும், தசை கரைய நேரமே கிடைக்காது.

நிமோனியாவில் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் கெடும் நிலை) நாள்கணக்கில் நீடிக்கிறது. அதோடு அசையாத படுக்கை, ஏறிய சர்க்கரை, சில பேருக்கு ஸ்டீராய்டு, தசையைத் தளர்த்தும் மருந்து. 2013இல் வெளிவந்த லண்டன் ஆய்வில் முன்தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு பத்தே நாளில் கிட்டத்தட்ட 18 விழுக்காடு சுருங்கியிருந்தது. பல உறுப்புகள் ஒன்றாகப் பழுதானவர்களுக்குச் சுருக்கம் இன்னும் அதிகம்.

ஆகவே தினசரி சோஃபா ஸ்கோரைப் பாருங்கள்: ஆறு உறுப்பு, ஒவ்வொன்றின் பழுதுக்கும் 0 முதல் 4. ஒரு நாள் எண்ணை விட, எத்தனை நாள் உயரத்திலேயே நின்றது என்பதுதான் முக்கியம். நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் அப்பாச்சி கூடக் கூடப் பலவீனமும் கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து ஒரு தனி ஆளைப் பற்றி முடிவு கட்டக்கூடாது. ஆளைத் தொட்டுத்தான் சோதிக்கணும்.

ஜெலுத்தோங்_பிசியோ
தொட்டுச் சோதிப்பதிலும் தப்பு நடக்கும் இடங்கள் உண்டு. முதலில் ஆள் விழித்திருக்கிறாரா? ஐந்து கட்டளை கொடுங்கள்: கண்ணைத் திறந்து மூடுங்க, என்னைப் பாருங்க, வாயைத் திறந்து நாக்கை நீட்டுங்க, தலையை ஆட்டுங்க, நான் ஐந்து எண்ணியதும் புருவத்தைத் தூக்குங்க. ஐந்தில் குறைந்தது மூன்றையாவது செய்யாவிட்டால் அன்றைக்கு எம்ஆர்சி போடாதீர்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். மலாய் தெரியாத பாட்டியிடம் மலாயில் சொல்லிவிட்டு "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவது சோதனையே இல்லை லா.

இரண்டு பக்கமும் ஆறு ஆறு அசைவு: தோளைப் பக்கவாட்டில் தூக்குவது, முழங்கையை மடக்குவது, மணிக்கட்டை மேலே தூக்குவது, இடுப்பை மடக்குவது, முழங்காலை நீட்டுவது, பாதத்தை மேலே இழுப்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தம் 60. 48க்குக் கீழே போனால் ஐசியு பலவீனம், 36க்குக் கீழே கடுமை. படுக்கைத் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு ஆரம்பியுங்கள், முழங்காலுக்கு அடியில் டவலைச் சுருட்டி வையுங்கள். புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடியாவிட்டால், கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லுங்கள், நகர்ந்தால் 2. அதைச் செய்து பார்க்காமலே 1 போட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. மாவுக்கட்டு இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கத்தின் எண்ணையே போடலாம்.

டயாலிசிஸ் முடிந்த கையோடு சோதிக்காதீர்கள். அன்றைய பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் ரிப்போர்ட்டையும் பாருங்கள். பாஸ்பேட் 0.65 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரி செய்துவிட்டு மறுநாள் மறுபடி பாருங்கள்.

செந்தூல்_பிசியோ
நன்றி அக்கா. எல்லா அசைவுக்கும் 4 வந்தால் சரியாக 48. அது பலவீனமா, இல்லையா?

ஜெலுத்தோங்_பிசியோ
கணக்குப்படி இல்லை. ஆனால் ஒரே ஒரு 4ஐ இன்னொருவர் 3 என்று போட்டால் 47 ஆகிவிடும். 4 என்ற படி ரொம்ப அகலம். சுண்டுவிரலால் தள்ளினால் விழுவதும் 4, முழு பலத்தோடு தள்ளினால் மட்டும் விழுவதும் 4. அதனால் 12 எண்ணையும் தனித்தனியே எழுதுங்கள், கூட்டுத்தொகை மட்டும் போதாது. சந்தேகம் இருந்தால் பிடிவலிமைக் கருவி: முழங்கை 90 டிகிரி, மூன்று முறை அழுத்தி அதிகபட்சத்தை எடுப்பது. ஆணுக்கு 11 கிலோ, பெண்ணுக்கு 7 கிலோவுக்குக் கீழே என்பது வழக்கமான வரம்பு. மெலிந்த முதிய பெண்களுக்கு நோய்க்கு முன்பே பிடி குறைவாக இருந்திருக்கலாம், குடும்பத்திடம் கேளுங்கள்: மூடி திறப்பார்களா, துணி பிழிவார்களா?

உணவியல்_பங்சார்
சாப்பாட்டுப் பக்கம் ஒரு வார்த்தை. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.3 கிராம்; 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 78 கிராம். முதல் நாளே முழு அளவைத் திணிக்க வேண்டாம், படிப்படியாக ஏற்றுங்கள். கிட்னி பழுதானவருக்கு அதிகப் புரதம் கெடுதல் செய்யலாம் என்று 2023இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. சர்க்கரையை 10 மில்லிமோலுக்கு மேல் விடக்கூடாது, 4க்குக் கீழே இறக்கவும் கூடாது. வார்டுக்குப் போனபின் கஞ்சியோடும் மைலோவோடும் நிறுத்திவிடுவார்கள். முட்டை ஒன்றில் 6 கிராம்தான், அதையும் கணக்கில் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

தீவிரசிகிச்சை_பினாங்கு
யாரை முதலில் என்ற கேள்விக்கு வருகிறேன். விழித்திருப்பவர், வென்டிலேட்டரில் ஒரு வாரம் தாண்டியவர், செப்சிஸ் வந்தவர் முன்வரிசை. வென்டிலேட்டர் கொடுக்கும் ஆக்சிஜன் 60 விழுக்காட்டுக்குக் கீழே, பீப் (மூச்சு விட்டு முடிந்தபின்னும் நுரையீரலில் நிறுத்தி வைக்கும் அழுத்தம்) 10ஐத் தாண்டாமல், மூச்சு நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருந்தால் கட்டில் ஓரத்தில் உட்கார வைக்கலாம். அதைத் தாங்கினால் பிறகு நிற்பது. அதிகமாகச் செய்தால் அதிகப் பலன் என்று நினைக்காதீர்கள்: 2022இல் வந்த பல நாட்டு ஆய்வில் தீவிரமான பயிற்சி கூடுதல் நன்மை தரவில்லை, இதயத் துடிப்புக் கோளாறு, ஆக்சிஜன் இறங்குவது போன்றவை கூடின.

கை கால் தேறிவிட்டது என்பதால் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானமும் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. இருமல் பலத்தைத் தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று. ஐசியு பலவீனம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும், முகம் பெரும்பாலும் தப்பிக்கும். ஒரு பாதம் மட்டும் தொங்கினால் முழங்காலுக்கு வெளிப்பக்க எலும்பு கட்டில் கம்பியில் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கக் கையும் காலும் சேர்ந்து விழுந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், தலை ஸ்கேன் எடுக்கணும்.