காஸா செய்திக்கு ஏஐ படம் போடலாமா?

கேள்வி:
ஒரு சின்ன இணையச் செய்தித்தளத்தில் படம் தேடிப் போடுவது என் வேலை. படங்கள் விற்கும் அடோபி ஸ்டாக் தளத்தில் காஸா என்று தேடினால் கரும்புகை சூழ்ந்த தெரு, இடிபாட்டு நடுவே குழந்தை என்று ஏஐ படங்களும் வருகின்றன. ஆசிரியர், "மாதிரிப் படம்தானே, போடுங்க" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில் 1:
போடாதீங்க. 2023 நவம்பரில் இதே விஷயத்தை ஆஸ்திரேலியாவின் கிரைக்கி செய்தித்தளம் வெளிக்கொண்டு வந்தது. அடோபி ஸ்டாக்கில் விற்ற ஏஐ படம் ஒன்றைச் சில தளங்கள் எந்தக் குறிப்பும் இல்லாமல் போர்ச் செய்தியோடு போட்டிருந்தன. விற்கும் பக்கத்தில் 'ஏஐ உருவாக்கியது' என்று இருக்கும், சரி. தரவிறக்கி நம் பக்கத்தில் ஏற்றியதும் அது வாசகர் கண்ணுக்கு நிஜத் தெருதான்.

பதில் 2:
அங்கே உயிரைப் பணயம் வைத்துப் படமெடுக்கும் பாலஸ்தீனப் புகைப்படக்காரர்களை நினைத்துப் பாருங்கள். பலர் கொல்லப்பட்டே விட்டார்கள். ஒரு போலி பிடிபட்டால் அவர்களுடைய உண்மைப் படத்தையும் "இதுவும் ஏஐதான்" என்று தள்ளிவிடுவார்கள். பெரிய அநியாயம் அது. செய்திப்பட ஏஜென்சிக்குச் சந்தா கட்ட முடியாவிட்டால் இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் பாருங்கள், பாலஸ்தீனத்தின் வஃபா செய்தி நிறுவனத்தின் காஸா படங்கள் இருக்கின்றன. பெயரும் உரிமமும் குறிப்பிட்டால் போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அதையே ஆசிரியரிடம் காட்டுகிறேன். அதுவும் கிடைக்காத அன்றைக்கு வரைபடம் போடுகிறேன்.