தேடினால் 0/0, ஆனால் சொல் அங்கேயே இருந்தது: உங்களுக்கும் நடந்ததா?

நிலாமுற்றம்:
அம்மாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாலோடு கொடுக்கலாமா என்று பார்க்க மொபைலில் ஒரு மருத்துவப் பக்கத்தைத் திறந்தேன். தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் வலித்தது, அவ்வளவு நீளம். மூன்று புள்ளியைத் தொட்டு, பக்கத்துக்குள் சொல்லைத் தேடும் ‘ஃபைண்ட் இன் பேஜ்’ போய், ‘பால்’ என்று அடித்தேன். 0/0. சரி, பாலைப் பற்றி எதுவும் இல்லை போல என்று டம்ளரை நீட்டிவிட்டேன். ஒரு வாரம் அப்படியே போனது. அப்புறம் அதே பக்கத்தை நிதானமாகப் படித்தபோது நடுவில் இருந்தது, பாலுடன் சாப்பிட்டால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது என்று. நான் தேடியது ‘ல்’, அங்கே இருந்தது ‘லு’. அம்மா மடமடவென்று குடித்து முடித்த அந்த டம்ளர் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஒற்றைப்பனை:
தங்கையின் தேர்வு முடிவு. பட்டியலைத் திறந்து அவள் எண்ணை அடித்தேன், 0/0. பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மனசு கேட்காமல் கீழே தள்ளிக்கொண்டே போனேன். தள்ளத் தள்ளத்தான் அடுத்தடுத்த எண்கள் வந்து சேர்ந்தன! அடிவரை போய் மறுபடி தேடியதும் 1/1. கதவைத் தட்டும்போது கை நடுங்கியது. நிலாமுற்றம், உங்கள் பக்கமும் முழுதாக வந்திருக்காது. எழுத்தில் ஒன்றுமில்லை.

தாழ்வாரம்:
ஒற்றைப்பனை, அப்படி அடித்துச் சொல்லாதீர்கள். தமிழில் வேற்றுமை உருபு ஏறினால் சொல்லின் வால் மாறிவிடும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ எப்படிச் சிக்கும்? ‘மரத்’ என்று தனியாக இன்னொரு முறை தேட வேண்டும்.

என் கதை சின்னது. ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் என் பெயர் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. ‘ஸ’ வைத்தும் அதை எழுதலாம், கணினி எழுத்துகளின் பொதுப் பட்டியலான யூனிகோடில் 2005இல் சேர்ந்த ‘ஶ’ வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடலுக்கு வேறு வேறு. பெயரின் பின்பாதியை அடித்தேன், வந்துவிட்டது.

இன்னும் சில விஷயம் இருக்கிறது. விசைப்பலகை காட்டும் சொல்லைத் தொட்டு எடுத்தால் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளும், அதை அழித்துவிட்டுத் தேடுங்கள். படமாகப் போட்ட அறிவிப்பில் தேடிப் பயனில்லை. செயலிக்குள்ளேயே திறக்கும் பக்கங்களில் பல நேரம் இந்த வசதியே இருக்காது, பிரவுசரில் திறந்துகொள்ள வேண்டும். ஐபோன் சஃபாரி என்றால் முகவரி அடிக்கும் இடத்திலேயே சொல்லை அடியுங்கள், வருகிற பட்டியலின் அடியில் ‘ஆன் திஸ் பேஜ்’ என்று இருக்கும். குரோமில் தேடிய சொல் இருக்கும் இடங்களைக் காட்டி வலது ஓரத்தில் மஞ்சள் கோடுகள் வரும். அவை நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான் அந்த விஷயத்தை விரிவாகப் பேசியிருப்பார்கள், நான் முதலில் அங்கேதான் போவேன்.

நிலாமுற்றம்:
ஒற்றைப்பனை, பக்கம் முழுதாகத்தான் வந்திருந்தது. இப்போது ‘பாலு’ என்று அடித்துப் பார்த்தேன், 4 இடம். மூன்றாவதுதான் அந்த வரி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.